பழைய கூட்டத்தில் புதுக் கோழி

திண்டுக்கல் மாவட்டம் அய்யலூரில் வியாழக்கிழமை கூடும் சந்தைக்கு ஆடுகளோடு நாட்டுக்கோழிகளும் விடியும் முன்பே வந்து இறங்கிவிடும். பல ஊர்க் கோழிகள் கால் கட்டப்பட்டு ஒரே இடத்தில் கிடக்கும். ஒன்றின் எச்சம் இன்னொன்றின் மேல் படும், ஒன்றின் தும்மல் பக்கத்தில் கிடப்பதன் முகத்தில் தெறிக்கும். வாங்க வந்தவர் தூக்கி எடை பார்ப்பார், கொண்டை சிவந்திருக்கிறதா என்று பார்ப்பார், பேரம் படிந்ததும் வண்டியில் மாட்டிக்கொண்டு கிளம்புவார். வீட்டு வாசலில் கட்டை அவிழ்த்து, ஏற்கெனவே மேய்ந்துகொண்டிருக்கும் நாலைந்து பெட்டைகளுக்கு நடுவே விட்டுவிடுவார்.

அவ்வளவுதான், வாசல் போர்க்களமாகிவிடும்.

பழைய பெட்டைகளில் மூத்தது கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு எதிரே வந்து நிற்கும். புதியதன் உச்சந்தலையில் ஒரு கொத்து விழும். அது தலையைத் தாழ்த்தி ஒதுங்கினால் சண்டை அதோடு தீரும். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றால் இரண்டும் எகிறி உதைத்து, கொண்டையைக் கவ்வி இழுத்து, இறகு பறக்கச் சண்டை போடும். வீட்டுக்காரர் ஓடிவந்து விலக்கிவிடுவார். அவர் கண்ணில் படுவது இந்தச் சண்டை மட்டும்தான். இதைவிடப் பெரிய சேதம் சத்தமில்லாமல் கூடவே வந்திறங்கியிருக்கக்கூடும்.

வெள்ளைக்கழிச்சல் நோய்க் கிருமி உடம்பில் புகுந்த கோழி உடனே சோர்ந்துவிடுவதில்லை. 2 நாள் முதல் 15 நாள் வரை, பெரும்பாலும் ஐந்தாறு நாள், துள்ளிக்கொண்டுதான் இருக்கும். அதற்குப் பிறகுதான் வெள்ளையும் பச்சையுமாகக் கழிவது, கழுத்து திருகிக்கொள்வது, கால் இழுத்துக்கொள்வது எல்லாம் தெரியவரும். 1926-இல் இங்கிலாந்தின் நியூகாசில் பகுதியிலும், அதை அடுத்து நம் நாட்டில் இன்றைய உத்தராகண்டின் இராணிக்கெட் ஊரிலும் அடையாளம் காணப்பட்ட இந்த நோய்க்கு இன்றும் மருந்து கிடையாது, தடுப்பூசி மட்டுமே உண்டு. தடுப்பூசி போடாத கூட்டத்தில் புகுந்தால் ஒரே வாரத்தில் கூண்டு காலியாகிவிடும். மூக்குச்சளி நோய் வேறு மாதிரி. அது வந்து தேறிய கோழி பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் கிருமியைச் சுமந்துகொண்டு திரிந்து மற்றவற்றுக்குப் பரப்பும்.

ஆகவே புதுக் கோழிக்கு முதல் 3 வாரம் தனிவாசம் என்பது கட்டாயம். எதிர்ப்பக்கத்துக் கொட்டகையோ, மாடிப்படிக்கு அடியில் வலை கட்டிய மூலையோ போதும். பழைய கோழிகள் மேயும் இடத்திலிருந்து தள்ளி இருக்க வேண்டும், தண்ணீர்த் தட்டும் தீவனத் தட்டும் தனியாக இருக்க வேண்டும். தினமும் பழைய கோழிகளுக்குத் தீவனம் வைத்த பிறகே புதியதிடம் போக வேண்டும். திரும்பி வந்ததும் கையோடு செருப்பையும் கழுவ வேண்டும். எச்சம் ஒட்டிய செருப்பு போதும், நோய் வாசல் தாண்டிவிடும்.

அந்த 3 வாரத்தில் செய்ய வேண்டிய வேலையும் இருக்கிறது. கோழியை மடியில் கவிழ்த்துப் பிடித்து, எச்சவாயைச் சுற்றி இறகை விலக்கிப் பார்த்தால் பேன் ஓடுவது தெரியும். இறகின் அடித்தண்டில் வெள்ளைக் கட்டியாக ஒட்டியிருப்பது அதன் முட்டை. கால் செதில்கள் தூக்கிக்கொண்டு சொரசொரப்பாக இருந்தால் உள்ளே சிற்றுண்ணி இருக்கிறது என்று அர்த்தம். சில நாள் விட்டு விட்டு வேப்பெண்ணெய் தடவி வந்தால் உண்ணி மூச்சு முட்டிச் செத்துவிடும். கால்நடை மருந்தகத்தில் கேட்டு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியை இப்போதே போட்டுவிடுவது நல்லது. குஞ்சுகளுக்கு லசோட்டா சொட்டு மருந்து, 8 வாரம் கடந்தவற்றுக்கு இறக்கையில் போடும் ஊசி. பிடித்து ஊசி போட முடியாமல் மரத்தில் அடையும் கோழிகளுக்காகத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் வாய்வழியாகக் கொடுக்கும் குருணை மருந்தையும் உருவாக்கியிருக்கிறது.

தனிவாசம் முடிந்த பிறகு சண்டைக்கு வருவோம். சிறுவயது முதலே கோழிகளைக் கவனித்து வந்த நார்வேக்காரர் தோர்லெய்ஃப் ஷெல்டெருப் எப்பே, எது எதைக் கொத்துகிறது என்று குறித்து வைத்து, ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு வரிசை இருப்பதை 1920-களின் தொடக்கத்தில் உலகுக்குச் சொன்னார். முதலிடத்துப் பெட்டை எல்லாவற்றையும் கொத்தும். கடைசியில் இருப்பது எதையும் கொத்தாது. பெட்டைகளுக்கு ஒரு வரிசை, சேவல்களுக்குத் தனி வரிசை. வரிசை ஒருமுறை படிந்துவிட்டால் பிறகு கொத்தவேண்டிய தேவையே குறைந்துவிடும். மூத்தது ஒரு பார்வை பார்த்தால் இளையது விலகிவிடும். கோழிகள் ஒன்றையொன்று கொண்டையையும் தலையையும் வைத்தே அடையாளம் காண்கின்றன. ஆயிரக்கணக்கில் அடைத்து வளர்க்கும் பண்ணையில் ஒவ்வொன்றையும் நினைவில் வைக்க முடியாது என்பதால் அங்கே வரிசை இவ்வளவு கறாராக இருப்பதில்லை. வீட்டுக் கொல்லையில் பத்துக் கோழி இருந்தால் பத்துக்கும் தன் இடம் தெரியும். முன்பின் தெரியாத ஒரு தலை அங்கே திடீரென்று வந்து நின்றால் அதன் இடத்தை முடிவு செய்தாக வேண்டும். கொத்து அதற்காகத்தான்.

இதை முழுக்கத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ரத்தம் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். ஒரு வாரம் புதியவற்றை வலைக்கு அந்தப் பக்கமோ, பகலில் முற்றத்துப் பஞ்சாரத்துக்குள்ளோ வைத்தால் இரு தரப்பும் பார்த்துப் பழகிக்கொள்ளும், அலகு எட்டாது. தனியாக ஒன்றை மட்டும் விடுவது அதற்குப் பெரும் கொடுமை. இரண்டு மூன்றாக விட்டால் அடி பங்கு போகும். குஞ்சுப் பருவம் தாண்டாதவற்றை வளர்ந்த பெட்டைகளோடு விடவே கூடாது, உடலளவில் ஏறக்குறைய ஈடாகட்டும். திறந்துவிடும் நாளில் மேய்ச்சல் வெளியில் விட வேண்டும், கூண்டுக்குள் அல்ல. கம்போ குறுநொய்யோ ஒரே தட்டில் வைக்காமல் பரவலாக இறைக்க வேண்டும். தண்ணீர்ச் சட்டியும் இரண்டு மூன்று இடத்தில் இருக்கட்டும். சுவரில் சாய்த்த பழைய கதவு, குவித்துப் போட்ட தென்னங்கீற்று என்று ஓடி ஒளிய இடம் வேண்டும். முட்டுச்சந்து போன்ற மூலைகளை அடைத்துவிட வேண்டும். அங்கே மாட்டிக்கொள்ளும் கோழிதான் பலமாக அடிபடும்.

அசில் வளர்ப்பவர்கள் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். சண்டைக்கென்றே வழிவழியாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட இனம் என்பதால் அதன் பெட்டையும் எளிதில் விட்டுக்கொடுக்காது. வளர்ந்த இரண்டு அசில் சேவல்களை ஒரே கொல்லையில் சேர்க்க நினைப்பதே தவறு.

குஞ்சாகச் சேர்ப்பதுதான் எல்லாவற்றிலும் சுலபம். அடைகாத்துக்கொண்டிருக்கும் பெட்டையின் முட்டைகள் 21-ஆம் நாள் பொரியும் சமயம், பிறந்து ஓரிரு நாளே ஆன வேற்றுக் குஞ்சுகளை இரவில் மெதுவாக அதன் இறக்கைக்கு அடியில் நுழைத்துவிடுவது கிராமத்துப் பெண்கள் அறிந்த வழக்கம். விடிந்ததும் எல்லாம் தன் குஞ்சுதான். சில தாய்க்கோழிகள் நிறம் மாறிய குஞ்சைக் கொத்தும், ஆகையால் முதல் நாள் காலை பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

தீவனத்தில் ஒரு சிக்கல் உண்டு, பலரும் கவனிப்பதில்லை. முட்டையிடும் கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து 3.5 முதல் 4 சதவீதம் இருக்கும். இன்னும் முட்டைக்கு வராத விடைக்கோழிக்கு ஏறக்குறைய 1 சதவீதமே போதும். தொடர்ந்து அதிகம் தின்றால் சிறுநீரகம் கெடும். இரண்டு வயதும் கலந்து மேயும் கொல்லையில் எல்லாவற்றுக்கும் வளர்கோழித் தீவனத்தையே வைத்துவிட்டு, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் தேவைப்பட்டது மட்டும் போய்த் தின்னும்.

முதல் சில நாள் முட்டை குறையலாம், புதியது தள்ளி நின்றே தின்னலாம். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் சரியாகிவிடும். காயம் பட்டு ரத்தம் கண்டால் மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. சிவப்பைக் கண்டால் மற்றவையும் சேர்ந்து கொத்தும். உடனே பிரித்தெடுத்து, மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டு, காயம் ஆறிய பிறகே திரும்ப விட வேண்டும்.

காயம் இல்லாமல், ஒரே ஒரு பெட்டை மட்டும் விடாமல் துரத்திக்கொண்டிருந்தால் அடிபடுவதைத் தூக்கி ஒளித்து வைப்பதில் பயனில்லை. துரத்துகிறதைப் பிடித்து மற்றவற்றின் கண்ணில் படாமல் ஒரு வாரம் அடைத்துவைக்க வேண்டும். அதற்குள் மீதிக் கூட்டம் புதியதோடு தன் வரிசையைப் படியவைத்துக்கொள்ளும். திரும்பி வரும்போது அந்த முரட்டுப் பெட்டைதான் இடம் தேட வேண்டியிருக்கும், பழைய அதிகாரம் பெரும்பாலும் செல்லாது.