கான்பராவின் ஆறாவது கணக்கு

1988 ஜூலை. ஆஸ்திரேலியாவின் கான்பரா நகரில் சர்வதேசக் கணித ஒலிம்பியாட். 49 நாடுகள், 268 மாணவர்கள். கேள்விகளைத் தேர்ந்தெடுத்த ஆஸ்திரேலியக் குழுவையே திணறடித்திருந்தது ஆறாவது கணக்கு. அதை முழுமையாகப் போட்டு முடித்தவர்கள் 11 பேர்தான்.

அந்தக் கணக்கில் 7க்கு ஒரே ஒரு மதிப்பெண் வாங்கிய சிறுவன், டெரன்ஸ் டாவ். ஆனாலும் 13 வயதில் தங்கப் பதக்கம்! அவரைவிடச் சின்ன வயதில் அதை வாங்கியவர் யாருமில்லை. 2006இல், கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கமும் அவரைத் தேடி வந்தது. கான்பராவில் 42க்கு 42 எடுத்த வியட்நாம் மாணவர் நோ பாவ் சாவ், 2010இல் அதே விருதைப் பெற்றார்.

முழு மதிப்பெண் வாங்கிய இன்னொருவரின் பாதைதான் யாரும் எதிர்பாராதது. ருமேனியாவின் நிகுஷோர் டான், பிரான்ஸில் கணித முனைவர் பட்டம் பெற்றுத் தாய்நாடு திரும்பினார். தலைநகர் புக்கரெஸ்டில் விதிமீறி எழுந்த கட்டடங்களைப் பார்த்தார். வழக்கு மேல் வழக்காகத் தொடுத்தார். நீதிமன்றப் படியேறிப் பழகிய கணித மேதை, பிறகு தேர்தலிலும் நின்றார். 2020இல் அந்நகரின் மேயர். 2025 மே மாதம் முதல் ருமேனியாவின் அதிபர்.