சொறிக்காயும் வெள்ளைப் பூஞ்சையும்

போடிநாயக்கனூரில் பொழுது விடியும் முன்பே ஏலத்தோட்ட ஜீப்புகள் போடிமெட்டுச் சாலையில் ஏறத் தொடங்கிவிடும். அவற்றில் செல்வோரில் நம் மாணவர்களின் பெற்றோரும் உண்டு. காயெடுப்பதோடு மருந்தடிப்பதும் அவர்கள் வேலை. நுண்ணுயிரிகள் பாடத்தை இந்த ஜீப்பிலிருந்தே தொடங்கலாம்.

ஏலச்செடியின் முக்கிய எதிரிகளுள் ஒன்று இலைப்பேன். இலையுறைக்குள்ளும் பூச்சரத்திலும் ஒளிந்துகொண்டு பூவையும் பிஞ்சையும் சுரண்டிச் சாறு உறிஞ்சும். சுரண்டிய இடம் காயில் சொறியாக நிற்கும்; சொறிக்காய்க்கு ஏலத்தில் விலை இறங்கும். அதற்கு அஞ்சியே திரும்பத் திரும்ப மருந்தடிக்கிறார்கள். நஞ்சின் எச்சம் மிகுந்தால் வெளிநாடுகள் சரக்கை ஏற்பதில்லை. அடிப்பவரின் தோலிலும் மூச்சிலும் படுவது தனிக்கணக்கு.

வயநாட்டு ஏலத்தோட்டங்களில் சில இலைப்பேன்கள் தாமாகவே நோயுற்று மடிந்தன. அவற்றிலிருந்து லெக்கானிசிலியம் என்ற பூஞ்சையைக் கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தினர் பிரித்தெடுத்தனர். வேர்ப்புழுவுக்கு மெட்டாரைசியம், வேறு பல பூச்சிகளுக்கு பெவேரியா என இந்த வகையில் இன்னும் சில உண்டு.

பாக்டீரியாவும் வைரசும் பெரும்பாலும் உணவோடுதான் பூச்சிக்குள் போக வேண்டும். பூஞ்சைக்கு அது தேவையில்லை. சாறு உறிஞ்சும் பூச்சிக்கு அது பொருந்துவது இதனால்தான். ஸ்போர் பூச்சியின் மேல் ஒட்டி, ஈரம் கிடைத்ததும் முளைத்து, கைட்டின் தோலை நொதியால் கரைத்து உள்ளே நுழையும். சில நாட்களில் பூச்சி இறக்கும். பிறகு உடலைத் துளைத்து வெளியே வளர்ந்து புதிய ஸ்போர்களைப் பரப்பும். பூஞ்சையின் செல்சுவரிலும் அதே கைட்டின் இருப்பதை மாணவர்களுக்குச் சொல்லுங்கள், வியப்பார்கள்.

மழைக்கால ஈரம் இதற்கு உகந்தது. சிக்கலும் அங்கேதான். அதே மழையில் அழுகல் நோய் வரும் (ஆங்கிலப் பயிர்நோய் நூல்களிலும் இதன் பெயர் ‘அழுகல்’தான்). அதற்கு அடிக்கும் போர்டோ கலவை நன்மை செய்யும் பூஞ்சையையும் கெடுக்கும். ஆகவே இரண்டையும் கலக்காமல், இடைவெளி விட்டு, வெயில் தாழ்ந்தபின் அடிக்க வேண்டும். பலன் மெதுவாகத்தான் தெரியும். இதில் பொறுமையிழப்பவர்களே அதிகம்.

பெவேரியா பட்டுப்புழுவையும் கொல்லும். இத்தாலியரான அகஸ்தினோ பாசி 1835-இல் பட்டுப்புழுவின் சுண்ணக்கட்டி நோய்க்குப் பூஞ்சையே காரணம் என்று காட்டினார். பெவேரியா பேசியானா என்பதில் உள்ளது அவர் பெயரே. மல்பெரித் தோட்டத்தருகே இதைத் தெளிக்கக் கூடாது.

மழைக்குப்பின் இலையடியில் விறைத்துக் கிடக்கும் பூச்சியை இடுக்கியால் எடுத்து, ஈரத்தாள் இட்ட கண்ணாடிப் புட்டியில் மூடி வையுங்கள். சில நாட்களில் வெண்படலம் வந்தால் வரையச் சொல்லுங்கள். புட்டியை மாணவர்கள் திறக்க வேண்டாம்.