கேபிளுக்கு முன்னால் அறை

20 வாட் எல்.இ.டி. டியூப்லைட் ஒன்று ஏறத்தாழ 2,000 லூமென் ஒளி தருகிறது. வகுப்பறையிலும் அலுவலகக் கூட்ட அறையிலும் நாம் பார்க்கிற சராசரி புரொஜெக்டர் தருவது 3,000 முதல் 4,000 லூமென். கணக்குப்படி பார்த்தால் இரண்டு டியூப்லைட், அவ்வளவுதான். அந்த ஒளியைச் சிதறவிடாமல் ஒரே செவ்வகத்தில் குவிப்பதால் படம் தெரிகிறது. திரைக்கு நேர் மேலே டியூப்லைட்டும் எரிந்து, ஜன்னல் வழியே வெயிலும் விழுந்தால், எவ்வளவு விலை உயர்ந்த பெட்டியானாலும் படம் சாயம் போன சேலை மாதிரிதான் இருக்கும்.

புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. படத்தில் கறுப்பாக இருக்க வேண்டிய இடத்துக்கு ஒளி அனுப்பாமல் இருப்பது ஒன்றுதான் அதனால் முடிந்தது. அறை வெளிச்சத்தில் வெறும் திரை எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறதோ, அதுதான் அன்றைய படத்தின் கறுப்பு. கதாநாயகனின் தலைமுடி சாம்பல் நிறமாவதும், இரவுக் காட்சியில் யார் யாரைத் துரத்துகிறார்கள் என்று புரியாமல் போவதும் இதனால்தான். ஆகவே முதல் வேலை ஸ்விட்ச் போர்டில் இருக்கிறது. திரைப்பக்க விளக்கை அணைத்துவிட்டு, பின்வரிசை விளக்கை எரிய விடலாம். குறிப்பெடுக்கிறவர்களுக்கு அது வேண்டும். பல கூடங்களில் முன்பக்க விளக்கும் பின்பக்க விளக்கும் ஒரே ஸ்விட்சில் மாட்டப்பட்டிருக்கின்றன. கட்டிடம் எழும்பும்போதே எலக்ட்ரீஷியனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பிற்பாடு 'எல்லாத்தையும் ஆஃப் பண்ணட்டுமா, வேண்டாமா' என்ற பஞ்சாயத்தே வந்திருக்காது.

படத்துக்கு இருட்டு வேண்டும் என்பது தமிழ்நாட்டின் முதல் படக்காட்சிக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படக்கருவியை விலைக்கு வாங்கி ஊர் ஊராகப் போனபோது, கருவியோடு கூடாரத்தையும் கொண்டுபோனார். பிறகு வந்த டூரிங் டாக்கீஸ்கள் பொழுது சாய்ந்த பிறகே முதல் ஆட்டத்தைத் தொடங்கின. கல்யாண மண்டபங்கள் இன்று புரொஜெக்டரைக் கைவிட்டு எல்.இ.டி. வாலுக்குப் போனதற்கும் பெரிய காரணம் இதுவே. வீடியோகாரரின் ஃபோகஸ் லைட்டும் மேடை அலங்கார விளக்கும் சேர்ந்து அடிக்கும் இடத்தில் புரொஜெக்டர் எடுபடாது. தானே ஒளிர்கிற பலகைதான் அங்கே நிற்கும். பள்ளி, கல்லூரி, கூட்ட அறை, மொட்டை மாடி, வீட்டு ஹால் ஆகிய இடங்கள் இன்னும் புரொஜெக்டரின் ராஜ்யம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டிய எண்ணும் லூமென்தான். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்ட எண்ணை நம்பி வாங்கக் கூடாது. திரையை ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒளியை அளந்து சராசரி பார்ப்பது 'ஆன்சி லூமென்' முறை. ஆன்சி அல்லது ஐ.எஸ்.ஓ. என்ற சொல் இல்லாமல் வெறுமனே '9,000 லூமென்' என்று போட்டு, சில ஆயிரம் ரூபாய்க்கு இணையத்தில் விற்கும் கையடக்கப் பெட்டிகள் உண்மையில் சில நூறு லூமென் தந்தாலே அதிகம். இருட்டறையில் குழந்தைகளுக்குக் கார்ட்டூன் போட அது போதும். பகலில் ஐம்பது பேருக்குப் பாடம் நடத்தப் போதாது.

அடுத்தது தூரம். ஒவ்வொரு புரொஜெக்டருக்கும் 'த்ரோ ரேஷியோ' என்று ஓர் எண் உண்டு; கையேட்டில் இருக்கும். லென்சிலிருந்து திரைக்குள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது. 1.5 என்று இருந்தால், ஓர் அடி அகலப் படத்துக்கு ஒன்றரை அடி பின்னால் போக வேண்டும். 100 அங்குலத் திரை என்று கடையில் சொல்வது மூலைவிட்ட அளவு. அதன் அகலம் ஏழேகால் அடி. ஆக, பெட்டி இருக்க வேண்டிய தூரம் கிட்டத்தட்ட 11 அடி. பத்துக்குப் பன்னிரண்டு அடி படுக்கையறையில், நீளவாக்கில் வைத்தால் இது இடிக்காமல் அடங்கும். அகலவாக்கில் வைத்தால் அடங்காது, படம் ஆறடி அகலத்துக்குச் சுருங்கும். இடம் குறைந்த வீட்டுக்கு 'அல்ட்ரா ஷார்ட் த்ரோ' வகை வந்திருக்கிறது. 0.25 ரேஷியோ கொண்ட ஒன்று, அதே ஏழேகால் அடிப் படத்தைச் சுவரிலிருந்து இரண்டடிக்குள் நின்றே வீசும். விலைதான் கொஞ்சம் மிரட்டும்.

பெரிய திரை வேண்டும் என்ற ஆசைக்கு ஒரு விலை உண்டு. படத்தின் அகலத்தை இரண்டு மடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்காகும். அதே ஒளி நான்கு மடங்கு இடத்தில் பரவ வேண்டும். கூட்டம் பெரிது என்பதற்காகப் பெட்டியைப் பின்னால் நகர்த்திக்கொண்டே போகிறவர்கள், படத்தைப் பெரிதாக்குகிற வேகத்தில் அதை மங்கவைத்துக்கொண்டும் போகிறார்கள்.

பெட்டியை எந்த உயரத்தில் வைப்பது என்பதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். லென்ஸ் திரையின் நடுப்பகுதிக்கு நேராக இருக்க வேண்டும் என்று தோன்றும். பல புரொஜெக்டர்கள் அப்படிச் செய்யப்படவில்லை. லென்சின் மட்டத்திலிருந்து மேல்நோக்கிப் படம் எழும்பும்படியே அவை அமைந்திருக்கின்றன. மேசைமேல் பெட்டி, அதற்கு மேலே திரை என்ற ஏற்பாட்டை மனதில் வைத்து. அதனால்தான் கூரையில் மாட்டும்போது பெட்டியைத் தலைகீழாகத் தொங்கவிடுகிறார்கள். அப்போது படம் கீழ்நோக்கி விழும். பிம்பமும் தலைகீழாகுமே என்றால், மெனுவில் 'சீலிங்' என்று மாற்றினால் நிமிர்ந்துவிடும். அதே மெனுவில் 'ரியர்' என்று ஒன்று இருக்கும். மெல்லிய திரைக்குப் பின்னாலிருந்து வீசுகிறவர்களுக்கு அது. யாராவது கை தவறி அதை அழுத்திவிட்டால் எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறித் தெரியும். பெட்டி பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

மேசை தாழ்வாக இருக்கிறதே என்று பெட்டியின் முன்காலை உயர்த்தினால், படத்தின் மேல்பக்கம் விரிந்து கீழ்பக்கம் சுருங்கிவிடும். இதைச் சரிசெய்யவே ரிமோட்டில் 'கீஸ்டோன்' பொத்தான். அதை அழுத்தியதும் செவ்வகம் திரும்பக் கிடைக்கிறது. ஆனால் இலவசமாகக் கிடைப்பதில்லை. அது ஏன் என்று புரிய, பெட்டிக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹார்ன்பெக் என்ற இயற்பியலாளர் 1987-இல் ஒரு சில்லை உருவாக்கினார். அதன் மேல், கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னச் சின்னக் கண்ணாடிகள். ஒவ்வொன்றும் இப்படியும் அப்படியும் சாயும்; ஒரு பக்கம் சாய்ந்தால் ஒளி லென்சுக்குப் போகும், மறுபக்கம் சாய்ந்தால் போகாது. வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை இந்த ஆட்டம் நடப்பதால், ஒரு புள்ளி எவ்வளவு நேரம் ஒளிர்கிறது என்பதை வைத்து வெளிச்சமும் நிழலும் உருவாகின்றன. 1920-க்கு 1080 புள்ளி கொண்ட சில்லில் 20 லட்சத்துக்கு மேல் கண்ணாடிகள். 'டி.எல்.பி.' என்று பெட்டியின் மேல் எழுதியிருப்பது இதுதான். திரையரங்குகள் ஃபிலிம் சுருளிலிருந்து டிஜிட்டலுக்கு மாறியதில் இந்தச் சில்லுக்குப் பெரும் பங்கு. ஹார்ன்பெக்குக்கு 2015-இல் தொழில்நுட்பத்துக்கான ஆஸ்கர் கிடைத்தது. இன்னொரு வகையான 'த்ரீ எல்.சி.டி.', ஒளியைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்து மூன்று எல்.சி.டி. தகடுகள் வழியே அனுப்பி மறுபடி ஒன்றுசேர்க்கிறது. எப்ஸன் நிறுவனப் பெட்டிகளில் காண்பது இது.

எந்த வகையானாலும் புள்ளிகளின் எண்ணிக்கை மாறாது. கீஸ்டோன் பொத்தான் செய்வது, விரிந்த பக்கத்துப் புள்ளிகள் சிலவற்றை இருட்டாக்கிவிட்டு, மிச்சமிருப்பதில் படத்தைத் திணிப்பது. எக்செல் அட்டவணையின் சிறிய எழுத்துகள் கலங்கித் தெரிவது அதனால். பெட்டியைச் சரியான உயரத்தில், திரைக்குச் செங்கோணத்தில், ஒரு ஸ்டூலின் மேலோ நாலு புத்தகத்தின் மேலோ வைத்துவிட்டால் அந்தப் பொத்தானையே தொட வேண்டியதில்லை.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் கேபிள். கூட்டங்களில் பெரும்பாலும் நேர்மாறாக நடக்கிறது. சிறப்பு விருந்தினர் மேடையேறிய பிறகு யாரோ ஒருவர் கேபிளோடு ஓடி வருவார்; திரையில் நீல நிறத்தில் 'நோ சிக்னல்' என்று மிதக்கும்.

அந்த இரண்டு சொற்களுக்கு அர்த்தம் எப்போதும் கோளாறு அல்ல. முதலில், பெட்டி வேறு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். எச்.டி.எம்.ஐ. ஒன்று, எச்.டி.எம்.ஐ. இரண்டு, வி.ஜி.ஏ. என்று பல வாசல் இருக்கும். ரிமோட்டில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' அழுத்தி, கேபிள் செருகிய வாசலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்து, லேப்டாப் படத்தை வெளியே அனுப்ப வேண்டும். விண்டோஸ் பொத்தானோடு 'பி' எழுத்தை அழுத்தினால் நான்கு தேர்வுகள் வரும். 'டூப்ளிகேட்' என்றால் இரண்டிலும் ஒரே படம். 'எக்ஸ்டெண்ட்' என்றால் திரை ஒரு தனி மேசை. பேசுகிறவர் தன் குறிப்புகளை லேப்டாப்பில் வைத்துக்கொண்டு ஸ்லைடை மட்டும் சபைக்குக் காட்டலாம். இதைத் தெரியாமல் எக்ஸ்டெண்டில் விட்டுவிட்டு, 'என் ஃபைல் எங்கே போச்சு' என்று வெற்று வால்பேப்பரைப் பார்த்துத் திகைக்கிறவர்கள் ஏராளம்.

கேபிள் செருகிய கணத்தில் இரண்டு கருவிகளுக்கும் நடுவே ஒரு விசாரணை நடக்கிறது. நீ எந்த நிறுவனம், எத்தனை புள்ளி காட்டுவாய் என்று லேப்டாப் கேட்கும். 'ஈடிட்' என்கிற சிறு தரவுத் துணுக்கில் புரொஜெக்டர் பதில் சொல்லும். அதற்கேற்ப லேப்டாப் படத்தின் அளவைத் தீர்மானிக்கும். பெட்டி முழுதாக விழித்துக்கொள்வதற்குள் கேபிளைச் செருகினாலோ, இடையில் மலிவான அடாப்டர் ஒன்று புகுந்து இந்தப் பேச்சைத் தடுத்தாலோ, படம் வராது. வந்தாலும் ஓரம் வெட்டுப்பட்டு வரும். எனவே புரொஜெக்டரை முதலில் இயக்கி, திரை வெளுத்ததும் லேப்டாப்பை இணைப்பது நல்லது. அப்படியும் வரவில்லையா? கேபிளைக் கழற்றி, பத்து வினாடி விட்டு, மறுபடி செருகினால் பாதி நேரம் வந்துவிடும்.

ஹார்ன்பெக்கின் சில்லு பிறந்த அதே 1987-இல்தான் ஐ.பி.எம். நிறுவனம் வி.ஜி.ஏ.வையும் கொண்டுவந்தது. பதினைந்து ஊசி கொண்ட அந்த நீலச் செருகியை இன்றும் பழைய வகுப்பறைச் சுவர்களில் காணலாம். அதில் ஒலி போகாது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி ஊசி. நீல ஊசி வளைந்துவிட்டால் வெள்ளையெல்லாம் மஞ்சளாகும். பச்சை போனால் கருஞ்சிவப்பு கலந்த ஊதா. நிறம் திடீரென்று மாறினால் பல்பைச் சந்தேகிக்கும் முன் செருகியைக் கழற்றி ஊசிகளைப் பார்ப்பது புத்திசாலித்தனம். 2002-இல் வந்த எச்.டி.எம்.ஐ., படத்தையும் ஒலியையும் ஒரே கம்பியில் கொண்டுபோகிறது. வசதிதான், ஆனால் செருகியதும் லேப்டாப்பின் சத்தம் நின்று, புரொஜெக்டருக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கர் கீச்சென்று பேசத் தொடங்கும். லேப்டாப்பின் ஒலி அமைப்பில் மறுபடி 'ஸ்பீக்கர்' என்று மாற்றி, ஹெட்போன் துளையிலிருந்து மைக்செட்காரரின் மிக்ஸருக்கு ஒரு வயர் கொடுத்தால் சபை முழுக்கக் கேட்கும். அந்த வயரில் 'ம்ம்' என்ற இரைச்சல் வந்தால், லேப்டாப்பையும் ஆம்பிளிஃபயரையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து இயக்கிப் பார்க்கலாம்.

பெரிய அரங்கில் கேபிளின் நீளமும் பிரச்சினை. சாதாரண எச்.டி.எம்.ஐ. கம்பி 10, 15 மீட்டரைத் தாண்டினால் படம் மினுக்கும், அல்லது வராமலே போகும். அதற்கு ஃபைபர் இழை கொண்ட கேபிளோ, நெட்வொர்க் கம்பி வழியே அனுப்பும் எக்ஸ்டெண்டரோ வேண்டும்.

ஃபோனிலிருந்து காட்டலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். டைப்-சி வாய் ஒன்றுபோல இருந்தாலும் எல்லா ஃபோனும் அதன் வழியே படம் அனுப்பாது. ஐஃபோனில் 15-ஆவது வரிசை முதல், சாம்சங்கில் உயர்விலை 'எஸ்' வரிசை போன்றவை அனுப்பும். விலை குறைந்த பல மாடல்களில் அந்த வாய் சார்ஜ் ஏற்றவும் ஃபைல் மாற்றவும் மட்டுமே. பல ஆண்ட்ராய்டு ஃபோன்களிலிருந்து வயரில்லாமல் 'மிராகாஸ்ட்' முறையில் அனுப்பலாம், ஆனால் சற்றுப் பின்தங்கி வரும். ஸ்லைடுக்குப் பரவாயில்லை, வீடியோ கேமுக்கு ஆகாது. ஓ.டி.டி. செயலியில் படம் போட்டால் ஒலி மட்டும் வந்து திரை கறுப்பாக இருக்கிறதா? காப்புரிமைப் பூட்டு தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். இடையில் உள்ள ஏதோ ஒரு கருவி அந்தப் பூட்டுக்கு ஒத்துவரவில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் பிளக்கைப் பிடுங்குவது பலருடைய வழக்கம். பழைய பல்பு வகைப் பெட்டிகளில் இது ஆபத்து. உள்ளே கொதிக்கும் விளக்கை ஆற்ற மின்விசிறி ஓரிரு நிமிடம் ஓட வேண்டும். மின்வெட்டு உள்ள ஊரில் சிறிய யு.பி.எஸ். ஒன்று அந்த நிமிடங்களைத் தந்துவிடும். பல்பின் ஆயுள் சுமார் 3,000 முதல் 5,000 மணி நேரம். லேசர் வகையில் 20,000 வரை போகும். காற்றுத் துவாரத்தில் தூசி அடைத்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. பெட்டி சூடேறித் தானே அணைந்துபோவதற்கு முதல் காரணம் தூசிதான். ஃபில்டரை அவ்வப்போது கழற்றித் தட்ட வேண்டும். சாக்பீஸ் தூள் பறக்கும் வகுப்பறையில் இன்னும் அடிக்கடி. கழற்றிய பழைய பல்பில் பாதரசம் இருப்பதால் குப்பைத்தொட்டியில் எறியாமல் மின்னணுக் கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுக்க வேண்டும். புது பல்பு மாட்டியதும் மெனுவில் 'லேம்ப் அவர்' எண்ணைப் பூஜ்யமாக்க வேண்டும். அதை மறந்தால் அன்று மாலையே, பல்பை மாற்றச் சொல்லித் திரையில் மறுபடி எச்சரிக்கை வரும்.