வீட்டு இணையத்தின் வேகம் எங்கே போயிற்று?

அக்கராயன் குளத்தின் கீழ்க் கமம் செய்வோருக்கு நீரைப் பங்கிடும் ஒழுங்கைப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. குளம் எவ்வளவு நிறைந்திருப்பினும், வயலுக்கு நீர் வருவது துருசின் வழியாகவும் வாய்க்காலின் வழியாகவுமே. வாய்க்காலின் தலைப்பில் உள்ள ஒருவர் இரவும் பகலும் நீரைத் தம் பக்கம் திருப்பிக்கொள்வாராயின், கடைக்கோடியில் உள்ளவரின் நிலம் வெடித்துப் போகும். ஆகையால் அன்றோ போகந்தோறும் கூட்டம் கூடி, இன்ன நாளில் இன்ன வாய்க்காலுக்கு நீர் என்று முறை வகுத்துக்கொள்கிறார்கள்!

அதே கமக்காரரின் வீட்டினுள் இன்று மற்றொரு வாய்க்காலும் ஓடுகின்றது. சுவரோரம் சிறு விளக்குகள் மினுங்க இருக்கும் ரௌட்டர் என்னும் பெட்டியே அதன் துருசு. வீட்டிலுள்ள கணினியும் கைத்தொலைபேசிகளும் அதன் வழியாகவே வெளியுலகோடு பேசுகின்றன. ஆனால் இந்த வாய்க்காலுக்கு முறை வகுத்த குடும்பங்கள் மிகச் சில. அதனால் விளையும் தொல்லையையும், செலவின்றி அதனைத் தீர்க்கும் வழியையும் இங்கு ஆராய்வோம்.

தொல்லை சிறியதன்று. 2020ஆம் ஆண்டு தொற்றுநோயின் நிமித்தம் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடம் வீட்டுத் திண்ணைக்கே வந்து சேர்ந்தது. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவிக்கு இணைய வகுப்பு இன்றும் ஒரு பெருந்துணை. யுத்தத்தினால் உறவினர் உலகெங்கும் சிதறிய வன்னிக் குடும்பங்களுக்கோ, ரொறன்ரோவிலோ பாரிஸிலோ இருக்கும் பிள்ளையின் முகத்தைக் காணும் வழியும் இதுவே. மாலை வேளையில் ஆசிரியரின் முகம் உறைந்து நிற்கின்றது. தாயின் பேச்சு பாதியில் அறுந்துபோகின்றது. மூத்த மகனை வினவினால், “நான் ஒன்றும் பார்க்கவில்லையே, அம்மா! படம் நேற்றே இறங்கி முடிந்துவிட்டது” என்கிறான். அவன் கூறுவது பொய்யன்று. ஆயினும் தடையின் காரணம் அவனது கணினியில் இருக்கக்கூடும். அது எவ்வாறு?

வாங்குபவனே கொடுப்பவன்

சாதாரணமாக ஒரு கோப்பை நாம் ஏதேனும் ஒரு நிறுவனத்தின் கணினியிலிருந்து பெறுகிறோம். அது கடையில் சாமான் வாங்குவதைப் போன்றது. கோப்புப் பகிர்வு முறையிலோ கடைக்காரர் என்று ஒருவர் இல்லை. 1999இல் தோன்றிய நப்ஸ்டர், பாட்டுக் கோப்புகளை மக்கள் தமக்குள்ளே மாற்றிக்கொள்ள வழி செய்தது. 2001இல் பிராம் கோஹன் என்னும் அமெரிக்கர் பிட்டொரன்ட் என்ற முறையை வகுத்தார். அதில் ஒரு பெரிய கோப்பு பல சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படுகின்றது. ஒரு துண்டைப் பெற்றவர், அடுத்த துண்டைப் பெறும்போதே, முன்னதைப் பிறருக்கு வழங்கத் தொடங்கிவிடுகிறார்.

முழுக் கோப்பையும் வைத்து வழங்குபவரை ஆங்கிலத்தில் ‘விதை’ என்ற சொல்லால் அழைக்கின்றனர். பெற்றுக்கொண்டு கொடாமல் ஒதுங்குபவருக்கு ‘அட்டை’ என்று பெயர். நமது கமக்காரருக்கு இவ்விரண்டையும் விளக்க வேண்டியதில்லை.

இம்முறை தன்னளவில் குற்றமுடையதன்று. லினக்ஸ் இயங்குதளங்கள் பல இவ்வழியாகவும் வழங்கப்படுகின்றன. இன்டர்நெட் ஆர்கைவ் என்னும் மின்னூலகமும் 2012 முதல் தன் சேகரிப்பை இவ்வழியிலும் தருகின்றது. ஆனால் உரிமையாளரின் அனுமதியின்றித் திரைப்படங்களைப் பகிர்வது வேறு விஷயம். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அதற்கு இடமளிப்பதில்லை. படம் பெறுபவர் அதை உலகோருக்கு வழங்குபவராகவும் ஆகிவிடுகிறார் என்பதைப் பெற்றோரும் மாணவரும் உணர்தல் வேண்டும்.

குறுகிய பாதை எது?

இப்போது மகன் கூறியதற்கு வருவோம். படம் இறங்கி முடிந்தது உண்மை. ஆனால் செயலி உறங்கவில்லை. யன்னலை மூடியபின்னும் அது திரையின் ஓரத்தில் சிறு சின்னமாக நின்று, முகமறியாத பலருக்குப் படத்தை அனுப்பிக்கொண்டிருக்கின்றது. இவ்வாறு வெளியே அனுப்புவதே தரவேற்றம்.

வீட்டு இணைப்புகளிற் பல, தரவிறக்கத்துக்கு அகன்ற பாதையையும் தரவேற்றத்துக்கு ஒடுங்கிய பாதையையும் உடையன. 1999இல் சர்வதேசத் தரமாக வகுக்கப்பட்ட ஏடிஎஸ்எல் என்னும் தொலைபேசிக் கம்பி முறையில், இறங்கும் பாதை செக்கனுக்கு 8 மெகாபிட் வரை. ஏறும் பாதையோ சுமார் 1 மெகாபிட் மட்டுமே. கம்பியில்லாத 4ஜி இணைப்பிலும் பொதுவாக ஏறும் பாதையே சிறிது.

“நாங்கள் பார்ப்பதும் கேட்பதும் இறங்கும் பாதையில்தானே வருகின்றன? ஏறும் பாதை அடைபட்டால் என்ன?” என்று வாசகர் வினவலாம். விடை இதுதான். நமக்கு வரும் ஒவ்வொரு சில பொதிகளுக்கும், ‘கிடைத்தது’ என்று நமது கணினி பற்றுச்சீட்டு அனுப்புதல் வேண்டும். அச்சீட்டு ஏறும் பாதையிலேயே செல்கின்றது. அது தாமதித்தால், அப்பால் உள்ளவர் மேற்கொண்டு அனுப்பாமல் காத்திருப்பார். ஆகவே இறங்கும் பாதை வெறுமையாகக் கிடக்க, வேகம் குன்றுகின்றது. சூம் வகுப்பிலும் வட்ஸ்அப் உரையாடலிலும் நமது குரலும் முகமும் செல்வது அதே ஒடுங்கிய பாதையில் என்பதையும் மறத்தல் ஆகாது.

இன்னொரு தீங்கும் உண்டு. தபாற்கந்தோரில் ஒருவர் முந்நூறு கடிதங்களோடு நிற்க, அவருக்குப் பின்னே ஒரேயொரு முத்திரை வாங்க வந்த சிறுமி நிற்பதாக எண்ணிப் பாருங்கள். ரௌட்டரும் இவ்வாறே பொதிகளை வரிசையில் நிறுத்துகின்றது. அவ்வரிசையில் 256 கிலோபைட் தங்குமாயின், 1 மெகாபிட் பாதையில் அது கரைய ஏறக்குறைய 2 செக்கன் ஆகும். உரையாடல் இயல்பாக நடைபெற, ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிசெக்கனுக்கு மேற்படாதிருத்தல் நன்று என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. 2 செக்கன் எங்கே, 150 மில்லிசெக்கன் எங்கே! மேலும், பகிர்வுச் செயலி ஒரே வேளையில் நூற்றுக்கணக்கானோருடன் தொடர்பு வைப்பதால், மலிவான ரௌட்டர்கள் அத்தொடர்புகளின் கணக்கை வைக்க இயலாமலும் திணறுகின்றன.

பெரிய நிறுவனங்களும் இச்சிக்கலுக்குத் தப்பவில்லை. அமெரிக்காவின் கொம்காஸ்ட் நிறுவனம் தன் வாடிக்கையாளரின் பிட்டொரன்ட் தொடர்புகளை மறைவில் குறுக்கிட்டு வந்தமை 2007இல் வெளிப்பட்டது. அது தவறென்று அந்நாட்டுத் தொடர்பு ஆணைக்குழு 2008இல் கூறியது. ஆணைக்குழுவுக்கு அவ்வதிகாரம் இல்லையென்று 2010இல் நீதிமன்றம் அதனைத் தள்ளியது. நாடளாவிய சர்ச்சையாய் அங்கு வளர்ந்த இவ்விஷயத்தை, வீட்டளவில் அரை மணித்தியாலத்தில் நாமே தீர்த்துவிடலாம்.

நோயை அறிதல்

முதலில், மாதத்துக்குரிய தரவின் அளவு தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள். தீர்ந்தபின் வேகம் குறைக்கப்படும் திட்டங்கள் உண்டு. தரவேற்றத்தையும் கணக்கிற் சேர்க்கும் திட்டமாயின், விதையாய் நிற்கும் கணினி உங்கள் பணத்தையும் கரைக்கின்றது.

அடுத்து, எல்லாச் சாதனங்களையும் நிறுத்தி ஒரு கணினியை மட்டும் வைத்துக்கொண்டு, அதன் கட்டளைத் திரையில் ‘பிங்’ என்ற ஆங்கிலச் சொல்லையும் ஓர் இடைவெளி விட்டு 8.8.8.8 என்ற இலக்கத்தையும் எழுதுங்கள். போய்த் திரும்பும் நேரம் மில்லிசெக்கனில் வரும். பின்னர்ச் சாதனங்களை ஒவ்வொன்றாக இணைத்துப் பாருங்கள். எதனை இணைத்ததும் அவ்வெண் பல நூறாகவோ ஆயிரமாகவோ உயருகின்றதோ, அதுவே வாய்க்காலை மறித்த சாதனம். எல்லாம் நின்றிருக்கும்போதே எண் உயர்ந்திருந்தால், காரணம் வீட்டுக்கு வெளியே இருக்கலாம். 4ஜி கோபுரம் ஒன்றை ஊரார் பலர் பங்கிடுவதால், மாலையில் அவ்வாறு நேர்வதுண்டு.

பரிகாரம்

ஒன்று: தரவேற்றத்துக்கு எல்லை இடுங்கள். மாலை நேரத்தில் தரவேற்ற வேகத்தை அளந்து, அதில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்படாத அளவைப் பகிர்வுச் செயலியின் அமைப்பில் எழுதுங்கள். இங்கு ஓர் எச்சரிக்கை. இணைப்பின் வேகம் மெகாபிட்டிலும், செயலியின் எல்லை பெரும்பாலும் கிலோபைட்டிலும் கூறப்படும். 1 மெகாபிட் என்பது 125 கிலோபைட். ஆகவே 100 என்று எழுதலாம். வகுப்பு நடக்கும் வேளையில் இதனினும் குறைப்பது நலம். 0 என்று எழுதிவிடாதீர்கள். பல செயலிகளில் அதற்கு ‘எல்லை இல்லை’ என்பதே பொருள்.

இரண்டு: தொடர்புகளின் தொகையைக் குறையுங்கள். பல நூறு தொடர்புகளுக்குப் பதில் அறுபது, எழுபது போதும். பெறும் வேகம் பெரும்பாலும் குறையாது.

மூன்று: வேலை முடிந்ததும் செயலியை முற்றாக வெளியேற்றுங்கள். பகிர வேண்டியிருப்பின், எல்லாரும் உறங்கிய பின் இயங்குமாறு நேரம் குறித்து வையுங்கள். இரவுக்கென்று தனியாகத் தரவு வழங்கும் திட்டமாயின் இது இரட்டை இலாபம்.

நான்கு: ரௌட்டரின் அமைப்பில் முன்னுரிமை வகுக்கும் வசதி உண்டாயின் அதனை இயக்குங்கள். நீள்வரிசையைத் தானே குறைக்கும் ‘கோடெல்’ என்னும் முறையைக் கத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்சன் ஆகிய இருவரும் 2012இல் வெளியிட்டனர். அதன் வழிவந்த முறைகள் பல புதிய ரௌட்டர்களில் அமைந்துள்ளன. தபாற்கந்தோரின் சிறுமியை முன்னே விடும் அலுவலர் போல அவை இயங்கும்.

ஐந்து: டொரன்ட் இல்லாத வீட்டிலும் மறைந்த பகிர்வு இருக்கலாம். விண்டோஸ் 10 முதல், புதுப்பித்தல் கோப்புகளைப் பிற கணினிகளோடு பகிரும் ஏற்பாடு உண்டு. அதனைப் புதுப்பித்தல் அமைப்பின் உட்பகுதியில் நிறுத்தலாம். கைத்தொலைபேசி புகைப்படங்களைத் தானாகச் சேமிப்பகத்துக்கு ஏற்றுவதும் இதே தடையை உண்டாக்கும். கடவுச்சொல்லை ஊரார் பலர் அறிந்திருப்பின் அதையும் மாற்றுதல் வேண்டும்.

இவற்றைச் செய்யுமுன், வேகம் போதவில்லையென்று அதிக விலைத் திட்டத்துக்கு மாறுவது பயன் தராது போகலாம். எல்லை இடாத பகிர்வு, கிடைக்கும் ஏறும் பாதையை முழுவதும் நிரப்பவே முயலும். பாதை அகன்றாலும் அடைப்பு அடைப்பே.

எல்லை இடுவதால் மகனுக்கு நேரும் நட்டம் சிறிது. தங்கைக்கும் தாய்க்கும் கிடைக்கும் பயன் பெரிது. ஆதலால் ஏச்சும் பூசலுமின்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டார் கூடியிருந்து இன்ன நேரம் வகுப்புக்கு, இன்ன நேரம் உறவினரோடு பேச, இன்ன நேரம் பகிர்வுக்கு என்று வகுத்துக்கொள்ளுங்கள். வயலுக்கு முறைநீர் வகுத்தறிந்த மக்களுக்கு இது புதிய பாடமும் அன்று, கடினமான பாடமும் அன்று.