பிறந்த குழந்தையும் இரவல் எதிர்ப்பு சக்தியும்

களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கிறோமே குன்றிமணி, அதற்குள் ஏப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. 1890களின் தொடக்கத்தில் ஜெர்மானிய மருத்துவர் பால் எர்லிக் அந்த நஞ்சைச் சுண்டெலிகளுக்குச் சிறுகச் சிறுகக் கொடுத்துப் பழக்கினார். மற்ற எலிகளைக் கொன்றுவிடும் அளவைக்கூடப் பழகிய எலிகள் தாங்கின. அடுத்து அவற்றின் குட்டிகளைச் சோதித்தார். தாய்க்கு எதிர்ப்பு சக்தி இருந்தால் குட்டிக்கும் இருந்தது. தகப்பனுக்கு மட்டும் இருந்தால் குட்டிக்கு ஒன்றுமில்லை. சாதாரணத் தாய் ஈன்ற குட்டிகளை எதிர்ப்புள்ள தாயிடம் பால் குடிக்க விட்டபோது அவையும் நஞ்சைத் தாங்கின. ஆனால் கொஞ்ச காலத்துக்குத்தான். பரம்பரைச் சொத்து என்றால் தகப்பன் வழியிலும் வந்திருக்கும், தீர்ந்தும் போயிருக்காது. ஆக, இது தாயிடம் வாங்கிய இரவல்.

நம் குழந்தைகளுக்கும் இந்த இரவல் உண்டு. தாயின் ரத்தத்தில் உள்ள ஐஜிஜி என்ற எதிர்ப்புரதத்தை நஞ்சுக்கொடி தேடிப் பிடித்துக் குழந்தையின் பக்கம் அனுப்புகிறது. நான்காம் மாதவாக்கில் தொடங்கும் இந்த வேலை கடைசி மூன்று மாதங்களில்தான் சூடுபிடிக்கும். நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையிடம் தாயிடம் இருப்பதைவிடச் சற்று அதிகமாகக்கூட ஐஜிஜி இருக்கும். ஏழாம் மாதமே பிறந்துவிட்ட குழந்தை ஏறக்குறைய பாதியோடு வந்து சேர்கிறது. குறைமாதக் குழந்தையைப் பார்க்க ஊரே திரண்டு போகக் கூடாது என்று டாக்டர்கள் கடிந்துகொள்வது இதனால்தான்.

தாயிடம் இருப்பதுதான் பிள்ளைக்குப் போகும். கர்ப்பிணிக்கு டெட்டனஸ் ஊசி போடுவதும் அதனால்தான். ஊசி அம்மாவின் கையில், பலன் இரண்டு பேருக்கும். அழுக்குக் கத்தியால் தொப்புள்கொடியை அறுத்த காலத்தில், பிறந்த சில நாட்களில் தாடை இறுகி, பால் குடிக்க முடியாமல், உடம்பு விறைத்துக் குழந்தைகள் இறந்தன. தடுப்பூசியும் சுத்தமான பிரசவமும் சேர்ந்ததால், 2015இல் இந்தியா பிறந்த குழந்தைகளைத் தாக்கும் இந்த டெட்டனஸை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டது.

இரண்டாவது இரவல் பால் வழியாக வருகிறது. முதல் சில நாட்கள் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலில் ஐஜிஏ என்ற இன்னொரு எதிர்ப்புரதம் மிகுதி. எலிக்குட்டியின் குடல் பாலில் வரும் எதிர்ப்புரதத்தை ரத்தத்துக்கு ஏற்றிவிடும். மனிதக் குழந்தைக்குப் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. ஐஜிஏ தொண்டையிலும் குடலிலும் தங்கி, கிருமி அங்கே ஒட்டாமல் தடுக்கிறது. தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்கவே முடியாத சில சர்க்கரைகளும் உண்டு. அவை குழந்தைக்கான உணவே அல்ல, அதன் குடலில் குடியேறும் நல்ல பாக்டீரியாக்களுக்கானவை. விஷயம் இப்படியிருக்க, சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சேனை என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் வைப்பதும், தெருவில் வரும் கழுதைப்பாலுக்குக் காசு கொடுப்பதும் எனக்குப் புரிவதே இல்லை. தேனில் பொட்டுலிசம் கிருமியின் விதைத்துகள்கள் இருக்கலாம். ஒரு வயது வரை அது வேண்டவே வேண்டாம்.

இரவலில் ஓடும் இந்தக் காலத்தில் குழந்தையின் சொந்த எதிர்ப்பு மண்டலம் என்ன செய்கிறது? செல்கள் எல்லாம் இருக்கின்றன, ஆனால் அடக்கி வாசிக்கின்றன. கருப்பையில் தாயின் செல்களைப் பார்த்துக் குழந்தையின் செல்கள் சண்டைக்குப் போனால் கர்ப்பம் தங்காது. பிறந்த பிறகோ கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் தோலிலும் குடலிலும் வந்து இறங்குகின்றன. ஒவ்வொன்றோடும் மல்லுக்கு நின்றால் புண்ணாகப் போவது குழந்தையின் குடல்தான். இந்தப் பொறுமைக்கு ஒரு விலை உண்டு. கிருமியை முதலில் எதிர்க்கும் வெள்ளணுக்களின் கையிருப்பு எலும்பு மஜ்ஜையில் குறைவு. பெரிய தொற்று வந்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

இரவல் ஐஜிஜியோ ஏறத்தாழ மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பாதியாகிறது. சொந்த உற்பத்தி மெதுவாகத்தான் ஏறும். அதனால் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் குழந்தையின் ரத்தத்தில் ஐஜிஜி மிகக் குறைந்திருக்கும். 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட் என்ற கூட்டுத் தடுப்பூசி போடுவது அந்தப் பள்ளத்தை எதிர்பார்த்துத்தான். ‘பச்சைப் பிள்ளைக்கு இவ்வளவு ஊசியா’ என்று தள்ளிப்போடுபவர்கள் தள்ளிப்போடுவது சரியாக அந்த ஆபத்தான மாதங்களுக்குள்.

தட்டம்மை ஊசிக்கு மட்டும் ஏன் 9 மாதம் வரை காத்திருக்கிறோம்? அது உயிருள்ள, வலுவிழந்த வைரஸ். முன்னதாகப் போட்டால் தாய் கொடுத்த எதிர்ப்புரதமே அதைக் காலி செய்துவிடும், குழந்தை எதையும் கற்றுக்கொள்ளாது. 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாம் தவணை உண்டு. ஹெபடைடிஸ் பி இதற்கு நேர்மாறு. பிரசவத்தின்போதே தாயிடமிருந்து தொற்றக்கூடியது என்பதால் 24 மணி நேரத்துக்குள் ஊசி போட்டாக வேண்டும்.

எர்லிக்கின் ஆண் எலியைப் போல அப்பாக்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. வருகிறவர்களைக் கைகழுவ வைப்பதும், சளி பிடித்தவர்கள் குழந்தையை முத்தமிடாமல் தடுப்பதும் அவர்கள் பொறுப்பாக இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பிறந்த குழந்தைக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் அடித்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. உடம்பு சில்லிட்டும் போகலாம். மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, நிமிடத்துக்கு 60 முறையோ அதற்கு மேலோ மூச்சு வாங்குவது, நெஞ்சுக்கூடு உள்ளே இழுப்பது, வலிப்பு இவற்றில் ஒன்று தென்பட்டாலும் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்காமல், 108க்கு போன் செய்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விடுங்கள்.