நான்கடிச் சூரியன்

ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ பவளத் தொட்டி வளர்ப்பவர் ஒருவரின் வீட்டுக்குப் போக நேர்ந்தால், வெள்ளை விளக்குகள் அணையும் நேரம்வரை இருந்துவிட்டு வாருங்கள். மாலையில் அவை ஒவ்வொன்றாக அணைந்து நீலக் குழல் மட்டும் எஞ்சும். அதுவரை மங்கிய பழுப்பாகக் கிடந்த ஒரு பவளம் திடீரென்று பச்சையாகக் கொழுந்துவிடும். அதற்கடுத்தது ஆரஞ்சு, இன்னொன்று செந்தூரம். தண்ணீருக்குள் விழுவதோ நீல ஒளி மட்டும். பச்சையும் ஆரஞ்சும் எங்கிருந்து வந்தன?

விடை தொட்டிக்கு மேலேயே தொங்குகிறது. அந்தக் குழல்விளக்குக்குள் நடப்பதும் பவளத்தின் உடம்புக்குள் நடப்பதும் ஒரே செயல்தான்.

1852-இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, அந்த வண்ணப் பட்டையின் குறுக்கே குவினைன் கரைசல் நிரம்பிய குழாயை மெல்ல நகர்த்தினார். சிவப்பிலும் மஞ்சளிலும் பச்சையிலும் கரைசல் வெறும் தண்ணீர்போல இருந்தது. ஊதாவின் கடைசி ஓரத்தை எட்டி, அதையும் கடந்து கண்ணுக்கு வெறும் இருட்டாகத் தெரிந்த இடத்துக்குப் போனபோது கரைசல் நீலமாக ஒளிர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத குட்டை அலைநீள ஒளியை அது வாங்கிக்கொள்கிறது. அதில் கொஞ்சம் ஆற்றலைத் தன்னுள்ளே செலவழித்துவிட்டு, மிச்சத்தை நீண்ட அலைநீளத்தில், அதாவது கண்ணுக்குத் தெரியும் நிறத்தில், திருப்பித் தருகிறது. ஃபுளோர்ஸ்பார் என்ற கனிமத்தின் பெயரை ஒட்டி இதற்கு ஃபுளோரசன்ஸ் என்று பெயர் வைத்தார் ஸ்டோக்ஸ். தமிழில் உடனொளிர்வு என்கிறோம்.

நம் வீட்டு டியூப் லைட் இதைத்தான் செய்கிறது. குழலுக்குள் கொஞ்சம் ஆர்கான் வாயு, துளி பாதரசம். மின்சாரம் பாயும்போது பாதரச ஆவி 254 நானோமீட்டர் அலைநீளத்தில் புறஊதாக் கதிரை உமிழ்கிறது. அது அப்படியே வெளியே வந்தால் கண்ணுக்குக் கேடு, வெளிச்சமும் கிடைக்காது. கண்ணாடியின் உட்புறம் பூசியிருக்கும் வெள்ளைப் பொடி அந்தக் கதிரை விழுங்கிவிட்டுக் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தருகிறது. குழலின் நிறத்தைத் தீர்மானிப்பது இந்தப் பொடிதான். டெர்பியம் கலந்த பொடி பச்சை தரும். யூரோப்பியமோ, எந்தச் சேர்மத்தில் கலக்கிறோம் என்பதைப் பொறுத்துச் சிவப்பும் தரும், நீலமும் தரும். பொடிகளின் கலவையை மாற்றினால் போதும், அதே குழல் சமையலறைக்கும் ஆகும், பவளத்துக்கும் ஆகும்.

பவளத்துக்கு எதற்கு விளக்கு? பவளம் விலங்கு. ஆனால் அதன் திசுவுக்குள் ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் என்ற அளவில் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளிச்சேர்க்கை செய்து சமைப்பதில் பெரும்பங்கைப் பவளத்துக்கே கொடுத்துவிடுகின்றன. வெளிச்சம் நிறைந்த ஆழமற்ற கடலில் பவளத்தின் ஆற்றல் தேவையில் 90 சதவீதம்வரை இந்த வழியில் கிடைக்கிறது. விளக்கைக் குறைத்தால் பவளம் பட்டினி கிடக்கிறது என்று பொருள். இந்தோனேசியாவில் லீ சின் எங் என்ற தொட்டி வளர்ப்பாளர் தம் இயற்கைமுறைத் தொட்டியைப் பற்றி 1961-இல் எழுதியபோது அவருக்கு வெப்பமண்டல வெயில் கையருகில் இருந்தது. குளிர்நாட்டு வீடுகளுக்கு அந்த வெயிலை யாராவது செய்து தர வேண்டியிருந்தது.

எந்த வெயிலை என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கடல்நீர் ஒரு வண்ண வடிகட்டி. சிவப்பு முதல் சில மீட்டர்களிலேயே பெரும்பாலும் கரைந்துபோகும். ஆரஞ்சும் மஞ்சளும் அதன் பின்னால் போகும். தெளிந்த கடலில் ஆழம்வரை இறங்குவது நீலம். பவளத்தின் பாசிகளும் அந்த நீலத்தை உண்ணப் பழகியவை. அவற்றின் பச்சையமும் பெரிடினின் என்ற நிறமியும் 430 நானோமீட்டரை ஒட்டித் தொடங்கி நீலம், நீலப்பச்சைவரை ஆர்வமாக வாங்கிக்கொள்கின்றன. நம் கண்ணோ பகலில் 555 நானோமீட்டர் பச்சையில்தான் மிகக் கூர்மை. விளக்குப் பெட்டியில் அச்சடித்திருக்கும் லூமன் கணக்கு நம் கண்ணுக்காகப் போட்ட கணக்கு. லூமன் கூடிய குழலைத் தேடி வாங்குபவர் தம் கண்ணுக்கு விருந்து வைக்கிறார். மங்கலாகத் தெரியும் நீலக்குழலோ பவளத்துக்கு வயிறார உணவு போட்டுக்கொண்டிருக்கும். கண்ணை நம்பிப் பவள விளக்கு வாங்கக் கூடாது. பாசிக்குப் பயன்படும் 400 முதல் 700 நானோமீட்டர்வரையான ஒளித்துகள்களை எண்ணிச் சொல்லும் பார் மீட்டரை ஒருநாள் இரவல் வாங்கியாவது அளப்பது நல்லது. மென்பவளங்களுக்கு அதில் 50 முதல் 150 போதும். கிளைவிடும் கல்பவளங்கள் 200-க்கு மேல் கேட்கும். நடுப்பகல் வெயிலில் கடற்பரப்பின் மேல் அந்த அளவு 2000-ஐ ஒட்டி இருக்கும்.

நான்கடித் தொட்டிக்கு ஆறு குழல் என்று வைத்துக்கொண்டால் என் தேர்வு இது: 460 நானோமீட்டரை ஒட்டிய நீலம் மூன்று, 420-இல் உச்சம் கொள்ளும் ஆக்டினிக் எனப்படும் ஊதாநீலம் ஒன்று, 10,000 கெல்வின் வெள்ளை இரண்டு. நீலமும் ஊதாநீலமும் பாசிக்கு. வெள்ளை பெரும்பாலும் பார்க்கிற நமக்கு.

குழலின் பருமனைக் குறிக்கும் டி12, டி8, டி5 என்ற எண்கள் ஓர் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கைக் கணக்கிடுபவை. டி12 என்றால் 38 மி.மீ., டி8 26 மி.மீ., டி5 16 மி.மீ. பவளத் தொட்டிக்கு ஒல்லிக்குழல் ஏன் உகந்தது? குழலின் முதுகுப்பக்கம் கிளம்பும் ஒளி மேலே போய்த் தகட்டில் பட்டுத் திரும்பும்போது பருத்த குழல் தானே குறுக்கே நின்று மறைத்துக்கொள்ளும். ஒல்லிக்குழலுக்கு வளைந்த தகடு ஒன்றைத் தனியாக மாட்டினால் ஒளி குழலைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கிவிடும். ஒரே தட்டைத் தகட்டின் கீழ் ஆறு குழலை நெருக்கி அடைப்பதைவிட, தனித்தனித் தகடுள்ள நான்கு குழல் மேல். பணத்தைக் கொட்ட வேண்டிய இடம் தகடு.

வாங்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. டி5-இல் 28 வாட் குழலும் 54 வாட் குழலும் ஒரே நீளம், 1149 மி.மீ.; முனைகளும் ஒன்றே. எதை எதில் வேண்டுமானாலும் மாட்டிவிடலாம். பவளத்துக்கு வேண்டியது 54 வாட் குழலும், அதை ஓட்டக்கூடிய மின்னணு சோக்கும். இரண்டில் ஒன்று மாறினால் விளக்கு எரிவதுபோலத்தான் இருக்கும், பவளம் மட்டும் மெலியும்.

மாட்டும்போது எழுத்து அச்சிட்ட முனை எல்லாக் குழலிலும் ஒரே பக்கம் வரட்டும். டி5 குழலின் மிகக் குளிர்ந்த இடம் அந்த முனையில்தான் இருக்கிறது. உபரிப் பாதரசம் அங்கேதான் படிகிறது. குழலுக்குள் ஆவியின் அழுத்தத்தையும் அந்த இடத்தின் வெப்பநிலையே முடிவு செய்கிறது. பக்கத்துக் குழலின் சூடான முனை அதை வாட்டக் கூடாது. டி8 குழல் சுற்றுவெப்பம் 25 டிகிரியில் நன்றாக எரியும், டி5-க்கு 35 டிகிரி பிடிக்கும். எனவே கூட்டுக்குள் கொஞ்சம் சூடு இருப்பது நல்லது. அளவு மீறினால் சின்ன விசிறி ஒன்று போதும்.

தண்ணீருக்கு மேல் 15 முதல் 20 செ.மீ. உயரம் விடுங்கள். உப்புத்துளி தெறித்துக் குழலிலும் தகட்டிலும் வெள்ளையாகப் படியும்; வாரம் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஈரத்துணியால் துடைக்க வேண்டும். ஒளிநேரம் ஒன்பது, பத்து மணி போதும். காலையில் நீலம் முதலில் எரியட்டும், மாலையில் கடைசியாக அணையட்டும்.

இதிலெல்லாம் பெரிய ஆபத்து அவசரம். பழகாத பவளத்தின் மேல் ஒரேநாளில் முழு ஒளியைக் கொட்டினால் பாசிகளால் அத்தனையையும் செரிக்க முடியாது. மிஞ்சிய ஆற்றல் ஆக்சிஜனைத் திசுவை அரிக்கும் வடிவத்துக்கு மாற்றிவிடும். பவளம் தன்னைக் காத்துக்கொள்ளப் பாசிகளையே வெளியேற்றி வெளுத்துப்போகும். கடலில் வெப்ப அலையின்போது நடப்பதும் இதற்கு நெருங்கிய உறவு. அதனால் நாளுக்கு நான்கைந்து மணியில் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் முழுநேரத்துக்கு வரலாம். பழைய குழலை மாற்றும்போதும் இதே பொறுமை வேண்டும். பொடி மெல்ல மெல்ல மங்குவதால் நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை. ஒன்பது மாதத்துக்கும் ஓராண்டுக்கும் இடையில் மாற்றிவிடுவது வழக்கம். ஒரே நாளில் ஆறையும் மாற்றாமல் வாரத்துக்கு ஒன்றாக மாற்றுங்கள். மாற்றிய தேதியைக் குழலின் முனையில் எழுதி வையுங்கள்.

இனி அந்த மாலை நேரத்துப் பச்சைக்கு வருவோம். 1962-இல் ஒசாமு ஷிமோமுரா ஒரு ஜெல்லிமீனிலிருந்து பச்சையாக ஒளிரும் புரதத்தைப் பிரித்தெடுத்தார். தானாக ஒளி உமிழும் உயிர்களில்தான் இப்படிப்பட்ட புரதம் இருக்கும் என்று பலகாலம் நினைத்திருந்தார்கள். 1999-இல் மிகயீல் மாட்ஸும் செர்கேய் லுக்யானோவும் அவர்கள் குழுவினரும், தானாக ஒளிராத பவளங்களிலும் அதன் உறவுக்காரப் புரதங்களைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் அதற்காகக் கடலுக்குப் போகவில்லை. மாஸ்கோவில் ஒரு மீன்தொட்டியில் வளர்ந்த பவளங்களே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தன. டிஸ்கோசோமா என்ற காளான் பவள இனத்திலிருந்து கிடைத்த சிவப்புப் புரதம், இன்று உலகெங்கும் ஆய்வகங்களில் உயிரணுக்களுக்கு அடையாள விளக்காக எரிகிறது. பச்சைப் புரதத்துக்காக ஷிமோமுராவுக்கும் மார்ட்டின் சால்ஃபிக்கும் ரோஜர் சியனுக்கும் 2008-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. நீல ஒளியை வாங்கிப் பச்சையாகவோ சிவப்பாகவோ திருப்பித் தரும் இந்தப் புரதம்தான் பவளத்தின் பொடிப்பூச்சு. ஆழமற்ற நீரில் அது மிகை ஒளியிலிருந்து காக்கும் குடையாகவும், ஆழ்நீரில் திசுவின் உள்ளே இருக்கும் பாசிகளுக்கு ஒளி கடத்தும் வழியாகவும் உதவுவதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

குழலின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. பாதரசம்தான் காரணம். ஐரோப்பிய ஒன்றியம் பொது வெளிச்சத்துக்கான டி5, டி8 குழல்களை 2023 ஆகஸ்டில் சந்தையிலிருந்து விலக்கியது. ஜப்பானின் மினமாட்டா நகரின் பெயரைத் தாங்கிய பாதரச உடன்படிக்கையின் நாடுகள், இவற்றின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-க்குள் நிறுத்த முடிவெடுத்திருக்கின்றன. சரியான முடிவு. ஆனாலும் நான்கடி நீளத்துக்கும் நிழலின்றிப் பரவி, கிளைகளின் அடிப்பக்கத்தையும் எட்டும் குழலின் ஒளிக்கு எல்இடி புள்ளிகள் எளிதில் ஈடாவதில்லை. உடைந்த குழலைக் குப்பையில் வீசாதீர்கள். சன்னல்களைத் திறந்துவிட்டு, துடைப்பத்தைத் தொடாமல், தடித்த அட்டையால் வழித்து மூடியுள்ள பாத்திரத்தில் சேருங்கள்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் இணையாக இருக்கின்றன. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றி வளரும் மன்னார் வளைகுடாப் பவளத்தை எடுப்பதும் விற்பதும் குற்றம். யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.