ஆர்ட்ஸ் குரூப்ல ஆர்ட் எங்கே?

பிளஸ் ஒன் அட்மிஷன் சமயத்துல எல்லா வீட்டுலயும் ஒரு வார்த்தை அடிபடும்: ஆர்ட்ஸ் குரூப். வரலாறு, பொருளாதாரம், காமர்ஸ் எல்லாம் அதுல உண்டு. ஓவியம் மட்டும் கிடையாது. இன்னைக்கு எபிசோட் அந்த இல்லாத பாடத்தைப் பத்திதான்.

மரக்காணம் பக்கத்துல, ஈ.சி.ஆர். மேல இருக்கிற கூனிமேட்டுல என் சித்தி குடும்பம் இருக்கு. சித்தி பொண்ணு இப்போ பிளஸ் ஒன். நல்லா வரைவா. காலேஜ்ல ஓவியம் படிக்கணும்னு ஆசை. சித்தப்பா என்கிட்ட ரெண்டு கேள்வி கேட்டார்: "இதுக்கு என்ன குரூப்பா எடுக்கணும்? படிச்சா சோறு கிடைக்குமா?" ரெண்டுமே நியாயமான கேள்வி.

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். எந்த குரூப்பும் ஓகே. சென்னையிலயும் கும்பகோணத்துலயும் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கு. சென்னைக் கல்லூரி 1850-ல அலெக்சாண்டர் ஹன்டர்னு ஒரு டாக்டர் ஆரம்பிச்சது. நாலு வருஷ பி.எஃப்.ஏ. படிப்புக்கு பிளஸ் டூ பாஸ் ஆகியிருக்கணும். ஆனா கூடவே வரையச் சொல்லி ஒரு நுழைவுத் தேர்வும் உண்டு.

சிக்கலே இங்கதான். அரசுப் பள்ளிகளுக்கு 2012-ல 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தாங்க. ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி எல்லாம் சேர்த்துதான் அந்தக் கணக்கு. அவங்க எடுக்க வேண்டியது 6-ல இருந்து 8 வரைக்கும். பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு வரும்போது ஓவிய வகுப்பே இருக்காது. அதாவது கதவு திறந்துதான் இருக்கு, அதுவரைக்கும் போற ரெண்டு வருஷ ரோடுதான் இல்லை. காசு இருக்கிறவங்க தனியா கோச்சிங் போயிடுறாங்க. உப்பளத்துக்கும் கடலுக்கும் வேலைக்குப் போற வீட்டுப் பிள்ளைங்க என்ன பண்ணுவாங்க?

மத்த இடங்கள்ல இந்த ரெண்டு வருஷத்துல என்ன நடக்குதுன்னு பார்ப்போம். சி.பி.எஸ்.இ.-ல பெயின்டிங் ஒரு பாடம். தியரி 30 மார்க், செய்முறை 70. அந்த 70-ல பொருளைப் பார்த்து வரையுறதுக்கு 25, சொந்தமா ஒரு காட்சியை அமைக்கிறதுக்கு 25, வருஷம் முழுக்க வரைஞ்ச தொகுப்புக்கு 20. இலங்கையில ஏ/எல் தேர்வுல சித்திரம் ஒரு முழுப் பாடம், தமிழ்லயே எழுதலாம். இங்கிலாந்து ஏ லெவல்ல 60 சதவீதம் மாணவரே ஒரு கருப்பொருளை எடுத்து மாசக்கணக்கா செய்யிற வேலைக்கு. அழிச்சது, மறுபடி வரைஞ்சது, ஏன் மாத்தினேன்னு எழுதினது எல்லாத்துக்கும் மார்க் உண்டு.

கவனிச்சீங்களா? யாரும் "பிறவித் திறமை இருக்கா"ன்னு கேட்கலை. பார்க்கிறியா, திரும்பத் திரும்பப் பண்றியா, அதைச் சேர்த்து வெச்சிருக்கியான்னுதான் கேட்குறாங்க. எங்க வேலையில கோட்ல ஒவ்வொரு மாற்றத்தையும் ஹிஸ்டரியா சேர்த்து வைப்போம். ஸ்கெட்ச் புக்கும் அதே மாதிரிதான்.

இதை ஸ்கூல் சொல்லித் தரலைன்னாலும் கூனிமேட்டுல இருந்தபடியே ஆரம்பிக்கலாம். மூணு பயிற்சி சொல்றேன்.

ஒண்ணு, பெர்ஸ்பெக்டிவ். உப்பளத்து வரப்புல நில்லுங்க. நேரா போற வரப்பெல்லாம் தூரத்துல ஒரே புள்ளியில போய்ச் சேர்ற மாதிரி தெரியும். அந்தப் புள்ளி அடிவானத்துல, உங்க கண்ணு மட்டத்துல இருக்கும். குத்த வெச்சு உட்காருங்க, அடிவானமும் உங்களோடயே இறங்கும். புத்தகத்துல பத்துப் பக்கம் படிக்கிறது இங்க பத்து நிமிஷத்துல புரிஞ்சிடும்.

ரெண்டு, வெள்ளை. உப்புக் குவியலை வரையும்போது குவியலைத் தொடாதீங்க, நிழலை மட்டும் வரைங்க. வாட்டர் கலர்ல வெள்ளைன்னா சும்மா விட்ட பேப்பர்தான். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை அதே குவியலை வரைஞ்சு பாருங்க. நிழலோட நிறமே மாறியிருக்கும்.

மூணு, உடம்பு. உப்பு வாருறவங்களை, வலை இழுக்கிறவங்களை, அவங்ககிட்ட கேட்டுட்டு, ரெண்டு நிமிஷத்துல ஒரு படம்னு வரைங்க. முகம் வேண்டாம். முதுகு எங்க வளையுது, எந்தக் கால்ல பாரம் நிக்குது, அது போதும். மெரினாவுல 1959-ல வெச்ச உழைப்பாளர் சிலையைச் செஞ்ச தேவி பிரசாத் ராய் சௌத்ரி, அதே சென்னைக் கல்லூரிக்குப் பல வருஷம் முதல்வரா இருந்தவர். பாறையை நகர்த்துற அந்த நாலு பேரோட முதுகையும் காலையும் பார்த்தாலே எவ்வளவு கவனிச்சிருக்கார்னு தெரியும்.

எல்லாத்துலயும் தேதி போட்டு வைங்க. கூடவே, அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துற ஓவியத் தொழில்நுட்பத் தேர்வு லோயர், ஹையர்னு ரெண்டு நிலையில இருக்கு. தனித்தேர்வரா எழுதலாம்.

இப்போ சித்தப்பாவோட ரெண்டாவது கேள்வி. சென்னைக் கல்லூரியில பெயின்டிங், சிற்பத்தோட துணி வடிவமைப்பு, செராமிக், விஷுவல் கம்யூனிகேஷனும் இருக்கு. எங்க டீம்ல ஒரு ஸ்கிரீன் எப்படி இருக்கணும்னு முடிவு பண்றவங்க கோட் எழுதுறவங்க இல்லை, டிசைனர்ஸ். அதனால வேலையே இல்லைன்னு சொல்றது தப்பு. இன்ஜினியரிங் படிச்ச எல்லாருக்கும் வேலை நிச்சயம்னு சொல்றதும் அதே அளவு தப்பு. சித்தப்பாகிட்ட நான் கேட்டது ஒண்ணுதான்: "பிளஸ் டூவை அவ எப்படியும் படிக்கத்தான் போறா. குரூப்பை மாத்த வேண்டாம். சாயங்காலம் ஒரு மணி நேரமும் ஒரு நோட்டும் மட்டும் குடுங்க. ரெண்டு வருஷம் கழிச்சு அந்த நோட்டைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க."